தீவில் ஒரு வாரம் ஸ்நார்க்கெலிங்: மாதம், காற்று, ஓதம் பார்த்துத் திட்டமிடுவது எப்படி?

கேள்வியின் சாரம் இது: பெரியவர்கள் இருவர், ஒன்பது வயதுப் பிள்ளை ஒன்று. ஒருவருக்கு நீச்சல் நன்றாக வரும், மற்றவருக்கு ஓரளவு. ஏதாவது ஒரு வெப்பமண்டலத் தீவில் ஒரு வாரம் தங்கி, ஸ்நார்க்கெலிங் செய்து, அதாவது முகத்தில் மாஸ்க்கும் வாயில் மூச்சுக்குழாயும் மாட்டி நீர்மட்டத்தில் மிதந்தபடி, பவளப்பாறைகளைப் பார்க்க வேண்டும். எங்கே போவது, எப்போது போவது, என்ன வாங்குவது, எதில் கவனமாக இருப்பது?

பெரும்பாலானோர் தீவையும் விடுதியையும் முதலில் முடிவு செய்துவிட்டு, கடல் எப்படியோ இருக்கட்டும் என்று கிளம்பிவிடுகிறார்கள். அந்த வரிசையை மாற்றினால் பாதிச் சிக்கல் தீரும். விடுமுறை எந்த மாதம் என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். அந்த மாதத்தில் காற்று எந்தத் திசையிலிருந்து அடிக்கும் என்று பாருங்கள். அதற்கு முதுகு காட்டி நிற்கும் கரையில், கரைக்குப் பக்கத்திலேயே பவளப்பாறை உள்ள தீவைத் தேடுங்கள். விடுதி, படகு, விமானம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஒரே தீவில்கூடக் கரைக்குக் கரை பருவம் மாறும். இலங்கையையே எடுத்துக்கொள்ளுங்கள். தென்மேற்கில் ஹிக்கடுவைக்கு நவம்பர் முதல் ஏப்ரல் வரை நல்ல காலம். அதே மாதங்களில் கிழக்கே திருகோணமலைப் பக்கம் கடல் கலங்கிக் கிடக்கும். புறாத்தீவுக்குப் போக மே முதல் செப்டம்பர் வரை காத்திருக்க வேண்டும். மாலத்தீவில் ஜனவரி முதல் ஏப்ரல் வரையும், அந்தமானில் டிசம்பர் முதல் ஏப்ரல் வரையும் கடல் அமைதியாக இருக்கும். லட்சத்தீவுக்கு அக்டோபரிலிருந்து மே நடுப்பகுதி வரை போகலாம். மலேசியாவின் கிழக்குக் கரைத் தீவுகளான பெர்ஹெந்தியான், ரெடாங், தியோமான் மூன்றும் இதற்கு நேர் எதிர். வடகிழக்குப் பருவக்காற்று அடிக்கும் நவம்பர் முதல் பிப்ரவரி வரை அங்கே பல விடுதிகள் மூடியே கிடக்கும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரைதான் சரியான காலம். தாய்லாந்தின் சிமிலன் தீவுகளை மே நடுவிலிருந்து அக்டோபர் நடு வரை அரசே மூடிவிடுகிறது. கரீபியன் பக்கம் என்றால் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை புயல் காலம். ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃப் பகுதியில் நவம்பர் முதல் மே வரை கொடிய ஜெல்லி மீன்கள் வரும் என்பதால், உடல் முழுவதும் மூடும் லைக்ரா உடை போட்டுத்தான் இறங்க வேண்டும்.

வானிலைச் செயலியில் எல்லோரும் மழையைப் பார்க்கிறார்கள். இதற்குப் பார்க்க வேண்டியது காற்று. காற்றின் வேகம் 10 நாட் (ஒரு நாட் என்பது மணிக்குச் சுமார் 1.85 கிலோமீட்டர்) அளவுக்குக் கீழே இருந்தால் நல்ல நாள். 10 முதல் 15 நாட் வரை காற்றுக்கு மறைவான பக்கத்தில் மட்டும் இறங்கலாம். 15 நாட்டுக்கு மேல் போனால் புதியவர்கள் கரையிலேயே இருக்கட்டும். ஒவ்வொரு அலைக்கும் குழாய்க்குள் தண்ணீர் வரும், மூச்சு சீராக வராது, பதற்றம் கூடும். கரையில் நின்று பார்த்து, கடல் முழுக்க வெள்ளை நுரைக் கொண்டைகள் தெரிந்தால் காற்று வரம்பைத் தாண்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். பல தீவுகளில் காலையில் கடல் தட்டையாக இருந்து, நிலம் சூடேறியதும் நண்பகலுக்குப் பிறகு கடற்காற்று எழும். அதனால் தண்ணீரில் இறங்கும் வேலையைக் காலையிலேயே முடித்துவிடுவது நல்லது. பலத்த மழை பெய்தால் ஓடைகள் சேற்றைக் கொண்டுவந்து கொட்டும். அடுத்த ஒன்றிரண்டு நாள் ஆற்று முகத்துவாரம், கழிமுகம் பக்கம் போகாதீர்கள். தண்ணீரும் தெளிவாக இருக்காது, கிருமிகளும் அதிகம்.

இடத்தைத் தேர்ந்தெடுக்கச் செயற்கைக்கோள் வரைபடத்தை நம்புங்கள். விளம்பரப் படங்களை நம்ப வேண்டாம். தீவின் கரையைப் பெரிதாக்கிப் பாருங்கள். வெள்ளை மணலை அடுத்து வெளிர் பச்சை நீலமாகத் தெரிவது ஆழமற்ற மணல் தரை, அதாவது லகூன். அதற்கப்பால் பழுப்பும் கரும்பச்சையுமாகத் திட்டுத் திட்டாக இருப்பது பவளத்திட்டு. சட்டென்று கருநீலம் தொடங்கும் கோடு, பாறை செங்குத்தாக ஆழத்துக்கு இறங்கும் விளிம்பு. மீன் கூட்டமும் ஆமையும் பெரும்பாலும் இந்த விளிம்பில்தான் கிடைக்கும். கரையிலிருந்து அந்தக் கோடு எவ்வளவு தூரம் என்று வரைபடத்திலேயே அளந்துவிடலாம். 100 மீட்டருக்குள் இருந்தால் படகே வேண்டாம். விடுதி வாசலிலிருந்து நீந்திப் போகலாம், ஒரு நாளில் இரண்டு முறைகூட இறங்கலாம். 500 மீட்டர் என்றால் ஒவ்வொரு முறையும் படகை நம்பியிருக்க வேண்டும். வாசலிலேயே நல்ல பாறை இருக்கும் சாதாரண விடுதிதான், எதிரே வெறும் மணல் மட்டும் இருக்கும் ஆடம்பர விடுதியைவிட உங்களுக்கு ஏற்றது.

அதே படத்தில் இன்னும் இரண்டு விஷயங்கள் தெரியும். விளிம்பை ஒட்டி நீண்ட வெள்ளை நுரைக்கோடு இருந்தால் அந்தப் பக்கம் அலை உடைகிறது. அங்கே இறங்கக் கூடாது. பழுப்புத் திட்டைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும் நீலப் பட்டை, படகுகள் வந்துபோகும் கால்வாய். லகூன் தண்ணீர் கடலுக்கு வடிவதும் அதன் வழியாகத்தான். அந்தப் பட்டை எங்கே இருக்கிறது என்று மனதில் பதித்துக்கொள்ளுங்கள். வற்றம், அதாவது கடல் மட்டம் இறங்குவது, தொடங்கினால் அங்கே நீரோட்டம் வலுக்கும், எந்த நேரமும் படகும் வரும்.

பாறை இப்போது உயிரோடு இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். கடல் சூடானதால் உலகளவில் நான்காவது முறையாகப் பவளங்கள் பெருமளவில் வெளுத்துக்கொண்டிருப்பதாக 2024 ஏப்ரலில் அமெரிக்க அரசின் கடல், வானிலை அமைப்பான நோவா அறிவித்தது. ஐந்து ஆண்டுக்கு முன்பு வண்ணமயமாக இருந்த இடம் இன்று சாம்பல் நிறச் சரளைக் குவியலாக இருக்கலாம். கடந்த ஆறு மாதத்துக்குள் அங்கே போனவர்கள் எடுத்த படங்களைக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது ஓதம். திட்டமிடும்போது அதிகம் பேர் விட்டுவிடுவது இதைத்தான். பெரும்பாலான இடங்களில் ஒரு நாளில் இரண்டு முறை கடல் ஏறும், இரண்டு முறை வற்றும். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஆறு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஆகும். இந்த ஆறு மணி நேரமும் தண்ணீர் ஒரே வேகத்தில் நகராது. மொத்த மாற்றத்தைப் பன்னிரண்டு பங்காக்கினால் முதல் மணியில் ஒரு பங்கு, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதிலும் நான்காவதிலும் மும்மூன்று, ஐந்தாவதில் இரண்டு, ஆறாவதில் ஒன்று என்று நகரும். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் 1.8 மீட்டர் வித்தியாசம் என்றால், முதல் மணியில் 15 சென்டிமீட்டர்தான் மாறும். மூன்றாவது மணியில் 45 சென்டிமீட்டர். அந்த நடு இரண்டு மணி நேரத்தில்தான் கால்வாய்களில் தண்ணீர் பாய்ந்து ஓடும். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் வித்தியாசம் பெரிதாகி ஓட்டமும் கூடும்.

இதை நடைமுறைக்குக் கொண்டுவருவோம். உச்ச ஏற்றத்துக்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து ஒரு மணி நேரம் பின்பு வரை இறங்குவது எல்லா வகையிலும் நல்லது. அப்போது தண்ணீர் ஏறக்குறைய நின்றிருக்கும். வெளிக்கடலின் தெளிந்த நீர் உள்ளே வந்திருக்கும். பவளத்திட்டின் மேல் வயிறு உரசாமல் மிதக்கப் போதிய ஆழமும் இருக்கும். வற்றத்தில் அதே திட்டின் மேல் முழங்கால் அளவுத் தண்ணீர்கூட இருக்காது. முழங்காலும் கிழியும், பவளமும் உடையும். உச்ச ஏற்றம் ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். முதல் நாள் காலை 8 மணிக்கு ஏற்றம் என்றால் ஐந்தாம் நாள் 11.20 ஆகிவிடும். வெளிச்சம் நன்றாக இறங்க வேண்டும், காற்றும் எழுந்திருக்கக் கூடாது. இரண்டும் கூடிவருவது காலை 8 முதல் 11.30 வரை. ஓத அட்டவணையை முன்கூட்டியே எடுத்துவைத்து, ஏற்றம் அந்த நேரத்துக்குள் விழும் வாரமாகப் பார்த்து விமானச்சீட்டு போடுங்கள். இதற்குத் தனிச் செலவு எதுவும் இல்லை.

இறங்கிய பிறகு நீரோட்டத்தை நீங்களே அளந்துகொள்ளலாம். கீழே அசையாத ஒரு பவளக் குன்றுக்கு நேர் மேலே போய், காலை அசைக்காமல் ஒரு நிமிடம் மிதந்து பாருங்கள். இருந்த இடத்திலேயே இருந்தால் பிரச்சினை இல்லை. ஒரு நிமிடத்தில் 15 மீட்டர் நகர்ந்திருந்தால் அது அரை நாட் வேகம். காலில் ஃபின் (துடுப்பு போன்ற நீச்சல் காலணி) போட்ட சராசரி மனிதர் களைக்காமல் தொடர்ந்து நீந்தக்கூடிய வேகம் ஒரு நாட்டுக்குள்தான் என்பதால், உங்கள் பலத்தில் பாதிக்கு மேல் அந்த ஓட்டத்துக்கே போய்விடும். அன்றைக்கு வெளியே வந்துவிடுங்கள். மெல்லிய ஓட்டம் மட்டும் இருந்தால், களைப்பில்லாத முதல் பாதியில் ஓட்டத்தை எதிர்த்துப் போய்விட்டு, திரும்பும்போது அதனோடு வாருங்கள். மாற்றிச் செய்கிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்: போகும்போது சுகமாக இழுத்துப் போகும், திரும்பும்போது கரை நெருங்கவே நெருங்காது. கால்வாய் ஓட்டம் இழுத்துவிட்டால் எதிர்த்து நீந்த வேண்டாம். முகத்தை மேலே வைத்து மிதந்தபடி ஒரு கையை உயர்த்தி ஆட்டி உதவி கேளுங்கள். கால்வாய் வாயைத் தாண்டியதும் ஓட்டம் தளரும், அப்போது குறுக்காக நீந்தி விலகலாம்.

இனி சாதனங்கள். ஒன்றே ஒன்றுதான் சொந்தமாக வாங்க முடியும் என்றால் மாஸ்க் வாங்குங்கள். வாடகை மாஸ்க் முகத்துக்குப் பொருந்தாமல் ஒழுகினால் அந்த நாளே வீண். கண்ணாடி டெம்பர்டு கிளாஸாக இருக்கட்டும், ஓரம் மென்மையான சிலிக்கோனாக இருக்கட்டும். பொருத்தம் பார்க்க வாரை மாட்டாமல் மாஸ்க்கை முகத்தில் வைத்து, மூக்கால் லேசாக உள்ளிழுத்து, கையை எடுத்துவிடுங்கள். மூச்சைப் பிடித்திருக்கும் வரை அது முகத்தோடு ஒட்டியே நிற்க வேண்டும். எந்த ஓரத்திலிருந்தாவது காற்று நுழைந்து நழுவினால், எவ்வளவு நல்ல பிராண்டாக இருந்தாலும் அது உங்கள் முகத்துக்கு இல்லை. குழாயை வாயில் கவ்வியபடியும் ஒருமுறை இதைச் செய்து பாருங்கள். வாய் திறக்கும்போது கன்னத்தின் வடிவம் மாறும். தண்ணீர் ஒழுகினால் உடனே வாரை இறுக்குவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. இறுக்கினால் சிலிக்கோன் ஓரம் மடங்கி இன்னும் ஒழுகும், நெற்றியும் வலிக்கும். வாரைத் தளர்த்தி, தலையின் பின்புறம் காதுக்கு மேலே இருக்கும்படி வைத்து, ஓரத்தில் சிக்கிய முடியை எடுத்துவிட்டாலே பெரும்பாலும் சரியாகிவிடும். மீசை அடர்த்தியாக இருந்தால் மூக்குக்குக் கீழே கொஞ்சம் ஒழுகத்தான் செய்யும். அந்த இடத்தில் சிலிக்கோன் கிரீஸ் மெல்லியதாகத் தடவலாம்.

புது மாஸ்க்கின் கண்ணாடியில் உற்பத்தியின்போது படிந்த சிலிக்கோன் படலம் இருக்கும். அதை எடுக்காவிட்டால் என்ன தடவினாலும் பனி படியும். ஜெல் வகை இல்லாத வெள்ளைப் பற்பசையை உட்புறம் விரலால் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். இரண்டு மூன்று முறை செய்தால் போதும். பிறகு ஒவ்வொரு முறை இறங்கும்போதும் தண்ணீரில் கரைத்த குழந்தை ஷாம்பு ஒரு சொட்டு, அல்லது எச்சில் தடவி லேசாக அலசிவிட்டு உடனே மாட்டுங்கள். கிட்டப்பார்வை உள்ளவர்களுக்கு அரை டயாப்டர் இடைவெளியில் தயார்நிலை லென்ஸ் மாட்டிய மாஸ்க்குகள் கிடைக்கும். தண்ணீருக்குள் பொருட்கள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரிவதால், உங்கள் அளவு சரியாகக் கிடைக்காவிட்டால் கொஞ்சம் குறைந்ததை எடுத்தாலும் போதும்.

குழாயில் அதிக வசதிகள் தேட வேண்டாம். 38 சென்டிமீட்டருக்கு மிகாத நீளம், கீழே தண்ணீர் வெளியேற ஒரு வால்வு, மேலே தெறிப்பைத் தடுக்கும் மூடி, இவ்வளவுதான். நீளமான குழாய் நல்லது என்று நினைக்காதீர்கள். நீங்கள் வெளியே விடும் மூச்சில் கடைசிப் பங்கு குழாயிலேயே தங்கி, அடுத்த மூச்சில் திரும்ப உள்ளே வரும். குழாய் பெரிதாக ஆக அந்தப் பழைய காற்றும் கூடும். மேலோட்டமாக, வேகவேகமாக மூச்சு விட்டால் பழைய காற்றையே திரும்பத் திரும்ப இழுப்பீர்கள். அதனால்தான் மெதுவாக இழுத்து, நீளமாக வெளியே விட வேண்டும்.

முகம் முழுவதையும் மூடும் மாஸ்க் இப்போது எங்கும் விற்கிறது. மூக்காலேயே மூச்சு விடலாம் என்பதால் புதியவர்களை எளிதில் ஈர்க்கிறது. என் கணிப்பில் அதைத் தவிர்ப்பதே நல்லது. உள்ளே வால்வுகள் சரியாக வேலை செய்யாவிட்டாலோ, மூக்குப் பகுதி முகத்தோடு ஒட்டாவிட்டாலோ கரியமில வாயு தேங்கும். தண்ணீர் புகுந்தால் குழாயைத் துப்புவது போலச் சட்டென்று எடுத்துவிட முடியாது. மூக்கைப் பிடித்துக் காது அழுத்தத்தைச் சமன்செய்ய வழியில்லாததால் ஒரு மீட்டர்கூட முங்க முடியாது. பிள்ளைக்குக் கண்டிப்பாக வேண்டாம்.

ஃபின் விஷயத்தில் பாதம் முழுதும் நுழையும் குட்டை வகை பயணத்துக்கு வசதி. கால் வெளியே நழுவக் கூடாது, விரல் நெரியவும் கூடாது. மெல்லிய காலுறை போட்டுக்கொண்டால் கொப்புளம் வராது. முழங்காலை மடக்கி மிதிவண்டி மிதிப்பது போல உதைக்காமல், இடுப்பிலிருந்து மெதுவாக அடியுங்கள். கரையில் ஃபின்னோடு முன்னோக்கி நடந்தால் தடுக்கி விழுவீர்கள். இடுப்பளவுத் தண்ணீருக்குப் போய் மாட்டுங்கள், அல்லது பின்னோக்கி நடங்கள்.

உடைக்கு நீண்ட கை வைத்த ராஷ் கார்டும் (உடலோடு ஒட்டும் நீச்சல் சட்டை) கணுக்கால் வரை வரும் லெக்கின்ஸும் போதும். காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக உடல் சூட்டை இழுக்கும். 28 டிகிரி தண்ணீரிலும் ஒரு மணி நேரத்தில் பலருக்கு நடுங்கும். சீக்கிரம் குளிருகிறவர்கள் 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள வெட்சூட் (சூட்டைத் தக்கவைக்கும் ரப்பர் நீச்சல் உடை) எடுத்துக்கொள்ளலாம். முழங்காலின் பின்பக்கம், கெண்டைக்கால், கழுத்தின் பின்பக்கம், காது மடல் ஆகியவைதான் முதலில் வெந்துபோகும் இடங்கள். துணியால் மூட முடிந்ததை மூடுங்கள். மிச்சத்துக்கு மட்டும் துத்தநாக ஆக்சைடு வகைச் சன்ஸ்கிரீன் போடுங்கள். பவளத்துக்குத் தீங்கு என்பதால், ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட் என்ற ரசாயனங்கள் கலந்த சன்ஸ்கிரீன் விற்பனைக்கு ஹவாயில் 2021 ஜனவரி 1 முதல் தடை; பலாவு நாட்டில் 2020 முதலே இவற்றுக்கும் வேறு சில ரசாயனங்களுக்கும் தடை உண்டு. தாய்லாந்தின் கடல் தேசியப் பூங்காக்களிலும் தடை இருக்கிறது. பெட்டியில் போடும் முன் புட்டியின் பின்பக்கத்தைப் படித்துவிடுங்கள்.

பயிற்சியை ஊரிலேயே, நீச்சல் குளத்தில் தொடங்குங்கள். பெரியவர்கள் இருவரும் ஃபின் இல்லாமல் 200 மீட்டர் நிற்காமல் நீந்தவும், பத்து நிமிடம் மிதக்கவும் முடிகிறதா என்று பாருங்கள். வேகம் முக்கியமில்லை. முடியாதவர் மிதவை உடையோடு மட்டும் இறங்கட்டும். மாஸ்க்குக்குள் புகுந்த தண்ணீரை வெளியேற்றுவதுதான் கற்றுக்கொள்ள வேண்டிய முதல் வித்தை. நெஞ்சளவுத் தண்ணீரில் முகத்தைப் போட்டு, கீழ் ஓரத்தை விரலால் சற்று விலக்கிப் பாதிவரை தண்ணீரை உள்ளே விடுங்கள். இப்போது மேல் விளிம்பை நெற்றியோடு அழுத்திப் பிடித்து, முகத்தைக் கொஞ்சம் நிமிர்த்தி, மூக்கால் மெதுவாக, தொடர்ச்சியாகக் காற்றை விடுங்கள். காற்று மேலே நிறைய நிறையத் தண்ணீர் கீழ் ஓரம் வழியாக வெளியேறும். பயத்தில் மூக்கால் இழுத்துவிடுவதுதான் இதில் வரும் தவறு. வாயால் மட்டும் மூச்சு விட்டுப் பழகும் வரை திரும்பச் செய்யுங்கள். குழாயில் தண்ணீர் வந்தால் 'தூ' என்று ஒரே வீச்சில் பலமாக ஊத வேண்டும். அடுத்த மூச்சை மெதுவாக, நாக்கை உயர்த்தி இழுங்கள்; மிச்சச் சொட்டு தொண்டைக்குப் போகாது.

முங்கிப் பார்க்க விரும்புகிறவர்கள் ஒரு மீட்டரிலேயே மூக்கைப் பிடித்துக் காற்றை அழுத்திக் காதைச் சமன்செய்ய வேண்டும். வலி வந்த பிறகு செய்தால் திறக்காது. சளி இருந்தால் முங்கவே கூடாது. முங்கும் முன் வேகவேகமாக மூச்சிழுத்துக்கொள்ளும் பழக்கம் உயிருக்கே ஆபத்து. அப்படிச் செய்வதால் பிராணவாயு பெரிதாகக் கூடுவதில்லை. கரியமில வாயு குறைந்து, மூச்சு வேண்டும் என்ற உந்துதல்தான் தள்ளிப்போகிறது; எச்சரிக்கை எதுவும் இல்லாமல் நினைவு தப்பும். ஒருவர் முங்கினால் இன்னொருவர் மேலே மிதந்து அவரையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

ஒன்பது வயதுப் பிள்ளைக்குச் சிறுவர் அளவு மாஸ்க்கும் சிறுவர் அளவுக் குழாயும் தனியாக வாங்குங்கள். பெரியவர் குழாயில் தேங்கும் காற்று சிறு நுரையீரலுக்கு அதிகம். முதல் இரண்டு நாள் கால் ஊன்றக்கூடிய லகூன் மட்டும் போதும். மணல் தரையிலும் குட்டிப் பவளத் திட்டுகளிலும் பிள்ளைக்குப் பார்க்க நிறையவே இருக்கும். கை எட்டும் தூரத்தில் ஒரு பெரியவர், அதுவும் நன்றாக நீந்தத் தெரிந்தவர். ஒரு மிதவை வளையத்தைக் கொண்டுபோனால் இடையிடையே பிடித்துக்கொண்டு ஓய்வெடுக்கும். 20 முதல் 30 நிமிடத்தில் வெளியே வந்துவிடுங்கள்; உதடு நீலமாகும் வரை விடக் கூடாது. கையில் மாட்டும் காற்றுப் பட்டைகளை நம்ப வேண்டாம். சாதாரண நுரை லைஃப் ஜாக்கெட் உடலை நிமிர்த்தி நிறுத்தப் பார்ப்பதால் முகத்தைக் கீழே வைத்து மிதப்பது சிரமம். நீந்தத் தெரிந்த பெரியவருக்கு வாயால் ஊதும் ஸ்நார்க்கெல் வெஸ்ட் வசதி. கண்ணைப் பறிக்கும் நிறத்தில் இருப்பது முக்கியம், படகோட்டிக்குத் தெரிய வேண்டும்.

உடல்நலம் பற்றிக் கொஞ்சம் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். ஸ்நார்க்கெலிங்கில் இறப்பவர்கள் எல்லோரும் தண்ணீரைக் குடித்துத் தத்தளித்து இறப்பதில்லை. ஹவாயில் இதை ஆராய்ந்தவர்கள், குழாய் வழியாக எதிர்ப்பை மீறி மூச்சை இழுப்பதால் நுரையீரலில் நீர் கோத்து, சில நிமிடங்களில் பலம் இழந்து அமைதியாக மூழ்குவதும் நடக்கிறது என்று சுட்டிக்காட்டினார்கள். இதயக் கோளாறு, கட்டுப்படாத இரத்த அழுத்தம், நடுத்தர வயதுக்கு மேல் திடீர் உழைப்பு ஆகியவை ஆபத்தைக் கூட்டும். அப்படிப்பட்டவர்கள் புறப்படும் முன் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். தண்ணீரில் காரணமில்லாமல் மூச்சுத் திணறினாலோ, கை கால் சட்டென்று தளர்ந்தாலோ, இருமல் வந்தாலோ, கொஞ்சம் பார்த்துவிட்டுப் போகலாம் என்று இருக்கக் கூடாது. குழாயைத் துப்பி, மல்லாந்து மிதந்து, கையை ஆட்டி உதவி கேட்டு உடனே வெளியே வாருங்கள். கால் ஊன்ற முடியாத இடத்துக்குத் தனியாகப் போகவே வேண்டாம். இறங்குவதற்கு முன் மது கூடாது. நீண்ட விமானப் பயணம் முடிந்து இறங்கிய அன்றே ஆழத்துக்குப் போவதையும் தவிர்த்துவிடுங்கள்.

படகில் போகும் நாளுக்குப் பதிவு செய்யும் முன் சில கேள்விகள் கேளுங்கள். ஏறி இறங்க ஏணி உண்டா? எத்தனை பேருக்கு ஒரு வழிகாட்டி? எல்லோரும் தண்ணீரில் இருக்கும்போது படகில் ஒருவர் கண்காணிப்பாரா? பிராணவாயு சிலிண்டரும் வானொலியும் இருக்கிறதா? பிள்ளை அளவில் லைஃப் ஜாக்கெட் உண்டா? இவற்றுக்கு நேராகப் பதில் வராவிட்டால் வேறு படகு பாருங்கள். வழிகாட்டி ஒருவருக்கு ஆறு பேருக்கு மேல் என்றால் புதியவர்களைக் கவனிக்க அவரால் முடியாது. கிளம்பும் முன்னும் ஏறிய பின்னும் தலை எண்ணுகிறார்களா என்று நீங்களே கவனியுங்கள். குமட்டல் மாத்திரையை ஏறுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். தூக்கம் வரவைக்கும் என்பதால், முதல்முறை போடுகிறவர் ஒருநாள் நிலத்தில் போட்டுப் பார்த்துவிட்டு வரட்டும்.

உயிரினங்களில் சுறாவை நினைத்துத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். திட்டில் திரியும் சிறு சுறாக்கள் பெரும்பாலும் உங்களைக் கண்டு விலகிப்போகும். காயங்கள் வருவது பெரும்பாலும் தொடுவதாலும் மிதிப்பதாலும்தான். கடல் முள்ளெலி, மணலுக்குள் புதைந்த திருக்கை, பாறையைப் போலவே கிடக்கும் கல்மீன், அழகான கூம்பு வடிவச் சங்கு. கடைசியாகச் சொன்னது உயிரோடு இருந்தால் நஞ்சு ஊசி எய்யும். எந்தச் சங்கையும் கையில் எடுக்காதீர்கள். மணலில் நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துக்கொண்டே போனால் திருக்கை விலகிவிடும். பெரிய கிளாத்தி மீன் முட்டையைக் காக்கும் காலத்தில் துரத்திக் கடிக்கும். அது காக்கும் எல்லை கூட்டிலிருந்து மேல்நோக்கி விரிந்துகொண்டே போகும் என்பதால், மேலே எழாமல் பக்கவாட்டில் நீந்தி விலக வேண்டும்.

கல்மீன் அல்லது திருக்கை குத்தினால், தாங்கக்கூடிய சூட்டில், 45 டிகிரிக்கு மிகாத வெந்நீரில் காயத்தை 30 முதல் 90 நிமிடம் வைத்தால் வலி குறையும். வலியில் சூடு தெரியாது என்பதால் அடிபடாத கையால் சூட்டைப் பார்த்துவிட்டு வையுங்கள், பிறகு மருத்துவமனைக்குப் போங்கள். பெட்டி ஜெல்லி மீன் உள்ள பகுதிகளில் ஒரு புட்டி வினிகர் கையோடு இருக்கட்டும். பட்ட இடத்தைத் தேய்க்காமல் அரை நிமிடமாவது ஊற்ற வேண்டும். பவளம் கீறினால் சிறியதாகத் தெரிந்தாலும் நல்ல தண்ணீரில் நன்றாகக் கழுவி, துகள்களை எடுத்து, கிருமிநாசினி போடுங்கள். அலட்சியம் செய்தால் சீழ் வைத்து மிச்ச விடுமுறையும் போய்விடும்.

பவளத்தின் மேல் நிற்காதீர்கள் என்பதைப் பிள்ளைக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள். உருண்டைப் பவளம் ஆண்டுக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர்கூட வளராது. ஒரு ஃபின் உதையில் உடையும் துண்டுக்குப் பின்னால் பத்துப் பதினைந்து ஆண்டு வளர்ச்சி இருக்கலாம். மாஸ்க்கைச் சரிசெய்ய வேண்டுமென்றால் மணல் திட்டுக்கு நீந்திப் போங்கள். மீனுக்கு ரொட்டி போட வேண்டாம். ஆமையின் வழியை மறிக்காமல், பக்கவாட்டில் சில மீட்டர் தள்ளி நீந்துங்கள். மூச்சு வாங்க மேலே வரும்போது எதிரே நிற்கக் கூடாது.

நாட்களை இப்படிப் பிரிக்கலாம். முதல் நாள் ஓய்வும், லகூனில் மாஸ்க் சரிபார்ப்பும். இரண்டாம் மூன்றாம் நாள் ஏற்றத்தைப் பார்த்து வாசல் பாறையில் காலை ஒரு மணி நேரம். காற்று குறைவாக இருக்கும் நாளைப் பார்த்து நான்காம் அல்லது ஐந்தாம் நாள் படகு. தேதியை முன்பே உறுதி செய்துவிடாமல், மாற்ற அனுமதிக்கும் படகாகப் பாருங்கள். ஒரு நாளை எதற்கும் ஒதுக்காமல் விடுங்கள், வானிலை எடுத்துக்கொள்ளும் நாள் ஒன்று எப்படியும் வரும். ஸ்நார்க்கெலிங் முடிந்து விமானம் ஏறக் காத்திருக்கத் தேவையில்லை. ஆனால் அங்கே ஆசைப்பட்டு யாராவது சிலிண்டரோடு ஸ்கூபா முங்கினால், ஒரு முறை என்றால் குறைந்தது 12 மணி நேரமும், பல முறை என்றால் 18 மணி நேரமும் கழித்துத்தான் பறக்க வேண்டும். அதற்கேற்பக் கடைசி நாளை வைத்துக்கொள்ளுங்கள்.